கோட்டைகளைக் காத்த நீர்

தில்லி முதல் ஜெய்சல்மேர் வரை ஒரு வரலாற்றுப் பயணம்

மதில், அகழி, வாயில், பீரங்கி ஆகியவற்றைக் கொண்டே ஒரு கோட்டையின் வலிமையை நாம் மதிப்பிடுகிறோம். வழிகாட்டிகளும் அவற்றையே சுட்டிக் காட்டுகின்றனர். ஆயினும் கோட்டை கட்டத் துணிந்த ஒவ்வோர் அரசனும் முதலில் விடை காண வேண்டியிருந்த வினா வேறொன்று. உள்ளே இருப்பவர்களுக்குக் குடிநீர் எங்கிருந்து வரும்? பகைவரின் படை அடிவாரத்தில் கூடாரமடித்து மாதக்கணக்கில் காத்திருக்கும்போது, படைக்கலங்கள் இருந்தும் களஞ்சியம் நிறையத் தானியம் இருந்தும், கிணறு வற்றினால் அந்தக் கோட்டையின் கதவு தானாகவே திறந்துவிடும்.

திருக்குறளின் அரண் அதிகாரம் நீர், வெட்டவெளி, மலை, காடு ஆகிய நான்கையும் ஒரு நாட்டின் அரணாக எண்ணுகிறது. அவ்வரிசையில் முதலிடம் நீருக்கே. 2013-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்த ராஜஸ்தானின் ஆறு மலைக்கோட்டைகளைப் பார்ப்பவருக்கு அந்தப் பகுப்பு கண்முன் நிற்கும். காக்ரோன் கோட்டையை ஆஹு, காளி சிந்து ஆகிய ஆறுகள் சூழ்ந்துள்ளன. ரண்தம்போர் காட்டின் நடுவே இருக்கிறது. சித்தோர்கர், கும்பல்கர், ஆமேர் ஆகியவை மலையை நம்பியவை. ஜெய்சல்மேரைச் சுற்றிலும் பாலைவெளி.

வட இந்தியச் சுற்றுலாவுக்குத் திட்டமிடும் குடும்பங்கள் பெரும்பாலும் தில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் என்னும் மூன்று ஊர்களோடு நிறுத்திக்கொள்கின்றன. இன்னும் சில நாள்களை ஒதுக்கி, தில்லியில் தொடங்கி மேற்கே ஜெய்சல்மேர் வரை செல்ல முடிந்தால் ஒரு பெரிய வரலாறு வரிசையாக விரியும். மேற்கே செல்லச் செல்ல மழை குறைகிறது. மழை குறையக் குறைய, நீரைத் தேக்கும் மனித அறிவு கூர்மையடைகிறது. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு இக்கோட்டைகளைச் சுற்றி வருவோம்.

தில்லி: அரண்மனைக்குள் ஓடிய சொர்க்க நதி

தில்லிச் செங்கோட்டையை ஷாஜகான் கட்டத் தொடங்கியது 1639-இல். பணி நிறைவுற்றது 1648-இல். கோட்டையின் கிழக்கு மதிலை ஒட்டி அக்காலத்தில் யமுனை ஓடியது. ஆற்றை நோக்கி வரிசையாக அமைந்த மாளிகைகளின் நடுவே, பளிங்குத் தரையில் ஒரு வாய்க்கால் செல்வதை இன்றும் காணலாம். அதன் பெயர் ‘நஹ்ர்-இ-பிஹிஷ்த்’, அதாவது சொர்க்க நதி. ஷா புர்ஜ் என்னும் வடகிழக்குக் கொத்தளத்திலிருந்து புறப்பட்ட நீர், குளியல் மண்டபம், திவான்-இ-காஸ், காஸ் மஹால் வழியாக ரங் மஹாலை அடைந்தது. அங்கே தாமரை வடிவில் செதுக்கிய பளிங்குத் தொட்டி ஒன்று உள்ளது. கோடை வெயிலில் அரண்மனை முழுவதையும் குளிர்வித்தது இந்த ஓடையே.

காஸ் மஹாலில் வாய்க்காலுக்கு மேலே சல்லடை போலக் குடைந்த பளிங்குத் திரை ஒன்று நிற்கிறது. அதன் நெற்றியில் துலாக்கோல் செதுக்கப்பட்டிருக்கிறது. நீதியின் அடையாளம் அது. அதன் கீழே நீர் ஓடும்படி அமைத்தனர். வடக்கே ஹயாத் பக்ஷ் தோட்டத்தில் சாவன், பாதோன் என இரு பளிங்கு மண்டபங்கள் எதிரெதிரே உள்ளன. இரண்டும் வடநாட்டு மழைக்கால மாதங்களின் பெயர்கள். நீர் திரையாக விழும் இடத்துக்குப் பின்னால் சிறு மாடங்கள் அமைத்து, பகலில் மலர்களையும் இரவில் விளக்குகளையும் அவற்றில் வைத்தனர். மழையைப் போற்றிய ஒரு நாகரிகம், மழை பெய்யாத நாளிலும் அதன் அழகைக் காண விரும்பியதன் விளைவு இது.

இன்று வாய்க்கால் வறண்டு கிடக்கிறது. யமுனை கிழக்கே விலகிவிட்டது; ஆறு ஓடிய இடத்தில் வட்டச் சாலையில் வாகனங்கள் விரைகின்றன. 1857-இன் எழுச்சியை அடக்கிய பின் ஆங்கிலேயர் உள்ளிருந்த கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துப் படைவீடுகளைக் கட்டினர். எஞ்சிய மாளிகைகளுக்கிடையே உள்ள வெற்று வெளியைப் பார்க்கும்போது இழப்பின் அளவு புரியும்.

ஆக்ராவும் ஃபதேபூர் சிக்ரியும்

ஆக்ராக் கோட்டையை அக்பர் 1565-இல் செந்நிற மணற்கல்லில் புதிதாக எழுப்பத் தொடங்கினார். ஏறத்தாழ 2.5 கி.மீ. சுற்றளவும் 70 அடி உயரமும் கொண்ட இதன் இரட்டை மதிலையும் அகழியையும் கடந்து அமர் சிங் வாயில் வழியாக உள்ளே செல்கிறோம். ஜஹாங்கீரி மஹாலின் முன்னே ஒரே கல்லில் குடைந்த பெரிய குளியல் தொட்டி நிற்கிறது. 1610-இல் ஜஹாங்கீருக்காகச் செய்யப்பட்டது அது. உள்ளே இறங்கவும் ஏறவும் கல்லிலேயே படிகள் உண்டு. மாளிகைகளின் ஓரத்தில் எண்கோண வடிவிலான முசம்மன் புர்ஜ் உள்ளது. மகன் ஔரங்கசீப்பால் சிறைவைக்கப்பட்ட ஷாஜகான் 1658 முதல் 1666-இல் இறக்கும் வரை இக்கோட்டையில் கழித்த ஆண்டுகளை நினைவூட்டும் இடம் அது. அங்கிருந்து பார்த்தால் யமுனையின் வளைவுக்கு அப்பால் தாஜ்மஹால் தெரியும். அக்கோபுரத்தில் சற்று நேரம் நிற்பவர்கள் பொதுவாக உரக்கப் பேசுவதில்லை.

ஆக்ராவிலிருந்து சுமார் 37 கி.மீ. தொலைவில், ஒரு பாறை முகட்டின் மேல் ஃபதேபூர் சிக்ரி நிற்கிறது. ஆண் வாரிசு வேண்டிய அக்பருக்கு அருளாசி வழங்கிய சூஃபி ஞானி ஷேக் சலீம் சிஷ்தி வாழ்ந்த ஊர் இது. 1569-இல் பிறந்த இளவரசருக்கு அவர் பெயரையே சூட்டினர். அவரே பிற்காலத்து ஜஹாங்கீர். 1571-இல் இங்கே தலைநகரை எழுப்பத் தொடங்கிய அக்பர் 1585-இல் இதைவிட்டு நீங்கினார். அதே காலத்தில் வந்த ரால்ஃப் ஃபிட்ச் என்னும் ஆங்கில வணிகர், ஆக்ராவும் ஃபதேபூரும் தனித்தனியே லண்டனைவிடப் பெரியவை என்று எழுதிவைத்தார்.

பாறை முகட்டில் ஊற்று ஏது? அடிவாரத்தில் அணை கட்டிப் பெரிய ஏரி ஒன்றை உருவாக்கினர். படிக்கிணறுகளிலிருந்தும் ஏரியிலிருந்தும் எருதுகள் இழுக்கும் இறைவைச் சக்கரங்களால் நீரைப் படிப்படியாக மேலேற்றி, கல் வாய்க்கால்கள் வழியே அரண்மனைக்குக் கொண்டு சென்றனர். அதன் பயனை அனூப் தலாவ் என்னும் சதுரக் குளத்தில் காணலாம். நான்கு புறமிருந்தும் சிறு பாலங்கள் செல்ல, நடுவே மேடை அமைந்த அழகிய குளம் அது. அக்குளத்தை ஒரு முறை நாணயங்களால் நிரப்பச் செய்து, அவற்றை அக்பர் தானமாக வழங்கினார் என்று முகலாய வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன.

தண்ணீர்ப் பஞ்சத்தாலேயே நகரம் கைவிடப்பட்டது என்பது வழிகாட்டிகள் தவறாமல் சொல்லும் கதை. வரலாற்றாசிரியர்கள் வேறொரு காரணத்தையும் முன்வைக்கின்றனர். 1585-இல் காபூலை ஆண்ட அக்பரின் மாற்றாந்தாய்ச் சகோதரர் மிர்சா ஹக்கீம் இறந்தார். வடமேற்கு எல்லையைப் பாதுகாக்க லாகூருக்குச் சென்ற அக்பர் 1598 வரை அங்கேயே தங்கினார். திரும்பியபோது ஆக்ராவையே தேர்ந்தெடுத்தார். அரசியல் தேவை பேரரசரை நகரிலிருந்து அழைத்துச் சென்றிருக்கலாம். அவர் மீண்டும் வராததற்கு, அத்தனை முயன்று மேலேற்ற வேண்டியிருந்த நீரும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். 176 தூண்கள் தாங்கும் பஞ்ச மஹாலின் அருகே நின்று இதை எண்ணிப் பார்க்கலாம்.

ஆமேர்: ஏரியிலிருந்து மலைக்கு

ஆக்ராவிலிருந்து ஜெய்ப்பூர் ஏறத்தாழ 240 கி.மீ. அதன் அருகே ஆரவல்லி மலைச்சரிவில் ஆமேர் அரண்மனை படிந்திருக்கிறது. அக்பரின் தளபதியாக விளங்கிய ராஜா மான்சிங் 1592-இல் இதைக் கட்டத் தொடங்கினார்; பின்வந்த மன்னர்கள் விரிவாக்கினர். ஆமேர் இளவரசி 1562-இல் அக்பரை மணந்ததிலிருந்து இரு அரச குடும்பங்களும் நெருங்கிய உறவில் இருந்தன. அந்த உறவு கட்டடக் கலையிலும் பதிந்திருக்கிறது. முகலாயரின் வளைவுகளும் தோட்ட அமைப்பும் ராஜபுத்திரரின் முற்றங்களோடும் சாளரங்களோடும் இங்கே ஒன்று கலந்துள்ளன. குவிந்த கண்ணாடிச் சில்லுகள் பதித்த ஷீஷ் மஹாலில் ஒற்றைச் சுடரும் ஆயிரம் விண்மீன்களாகத் தெரியும். அதற்கு எதிரே உள்ள சுக் நிவாஸ் மண்டபத்தில் கூட்டம் குறைவு. அங்குள்ள நுட்பத்தை நின்று கவனியுங்கள். சுவரிலுள்ள துளைகள் வழியே வரும் காற்று, சரிவில் வழியும் நீரின் மேல் பட்டு அறையைக் குளிர்வித்தது. அந்நீர் வீணாகாமல் வாய்க்கால் வழியே தோட்டத்துக்குப் பாய்ந்தது.

அரண்மனைக்குக் கீழே மாவோட்டா ஏரி. ஏரிக்கும் மாளிகைக்கும் இடையிலுள்ள உயரத்தை இறைவைச் சக்கரங்கள் கடந்தன. ஒரு தளத்துத் தொட்டிக்கு ஏற்றிய நீரை அடுத்த தளத்துச் சக்கரம் எடுத்து மேலே அனுப்பியது. அந்த நீரேற்று அமைப்பின் எச்சங்கள் கோட்டையில் இன்றும் உள்ளன. சற்றுத் தொலைவில் பன்னா மீனா குண்ட் என்னும் படிக்கிணறு உள்ளது. குறுக்கும் நெடுக்குமாக இறங்கும் அதன் படிகளின் ஒழுங்கு கண்ணைக் கவரும்.

ஆமேருக்கு மேலே மலையுச்சியில் இருப்பது ஜெய்கர் கோட்டை. 1720-இல் இங்கேயே வார்க்கப்பட்ட ‘ஜெய்வானா’ பீரங்கியைக் காணவே பெரும்பாலோர் வருகின்றனர். சுமார் 50 டன் எடையுள்ள அந்தப் பீரங்கி சோதனைக்காக ஒரே ஒரு முறை சுடப்பட்டதாகச் சொல்கிறார்கள். அன்றாடம் பயன்பட்ட செல்வமோ வேறிடத்தில் இருக்கிறது. சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் பெய்யும் மழையை நீண்ட கால்வாய்கள் திரட்டிக் கோட்டைக்குள் உள்ள தொட்டிகளில் சேர்த்தன. அவற்றுள் பெரியதன் கொள்ளளவு சுமார் 60 லட்சம் கேலன் என்று கூறப்படுகிறது. மலையுச்சியில் ஆறும் இல்லை, ஊற்றும் இல்லை. ஆண்டில் சில வாரங்கள் மட்டும் பெய்யும் மழையைச் சேமித்தே மீதி மாதங்களைக் கடத்தினர்.

இத்தொட்டிகளின் அடியில் அரச குடும்பத்தின் புதையல் மறைத்து வைக்கப்பட்டிருப்பதாக நெடுங்காலமாக ஒரு பேச்சு இருந்தது. 1976-இல் நெருக்கடி நிலைக் காலத்தில் அரசே கோட்டையில் விரிவான தேடுதல் நடத்தியது. பேசப்பட்ட புதையல் கிடைக்கவில்லை என்றே அறிவிக்கப்பட்டது. தொட்டிகள் கட்டப்பட்ட நாள் முதல் அவற்றில் இருந்த உண்மையான செல்வம் மழைநீரே.

1727-இல் சவாய் ஜெய்சிங் உருவாக்கிய ஜெய்ப்பூர் நகரில் ஹவா மஹாலும் ஜந்தர் மந்தரும் அனைவரும் அறிந்தவை. நகர அரண்மனையில் இரண்டு மாபெரும் வெள்ளிக் கலயங்களைக் காணத் தவறாதீர்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 345 கிலோ எடை. 4,000 லிட்டர் கொள்ளும். ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக 1902-இல் இங்கிலாந்து சென்ற இரண்டாம் மாதோ சிங், வழிநெடுகப் பருகுவதற்குக் கங்கை நீரை இவற்றில் நிரப்பிக் கப்பலில் கொண்டு சென்றார்.

சித்தோர்கர்: நீர் இருந்தும் வீழ்ந்த கோட்டை

ராஜஸ்தானின் கோட்டைகளுள் மனத்தை மிகவும் கனக்கச் செய்வது சித்தோர்கர். சமவெளியிலிருந்து சுமார் 180 மீட்டர் உயர்ந்து நிற்கும் குன்றின் தட்டையான உச்சி முழுவதும் ஏறக்குறைய 700 ஏக்கர் பரப்பில் இக்கோட்டை பரந்துள்ளது. ஏழு வாயில்களைக் கடந்து மேலே சென்றால் ஓர் ஊரே விரியும். அரண்மனைகள், இந்துக் கோயில்கள், சமணக் கோயில்கள், ராணா கும்பா எழுப்பிய ஒன்பது அடுக்கு விஜய ஸ்தம்பம், பெரிய ஏரிகள் எனப் பார்க்க வேண்டியவை ஏராளம்.

ஒரு காலத்தில் இக்குன்றின் மேல் 84 நீர்நிலைகள் இருந்தன என்றும் அவற்றுள் 22 எஞ்சியுள்ளன என்றும் சொல்கிறார்கள். குன்றின் மேற்பரப்பை இயற்கையான சரிவுக்கு ஏற்பப் பிரித்து, ஒவ்வொரு பகுதியில் பெய்யும் மழையும் அதற்குரிய குளத்தில் சேருமாறு அமைத்திருந்தனர். மேற்குப் பாறைச் சரிவில் கோமுகம் வடிவில் செதுக்கிய கல்லின் வழியே ஊற்று நீர் விழுகிறது. அது நிரப்பும் கோமுக் குளம் கோடையிலும் பசுமையாகத் தெரியும். முற்றுகையை ஆண்டுக்கணக்கில் தாங்க வல்ல கோட்டை என்று மேவார் மக்கள் இதைப் போற்றியதற்கு இந்நீரே அடிப்படை.

ஆயினும் சித்தோர் மூன்று முறை வீழ்ந்தது: 1303-இல் அலாவுத்தீன் கில்ஜியிடம், 1535-இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷாவிடம், 1568-இல் அக்பரிடம். கடைசி முற்றுகையில் கோட்டையை வென்றது தாகமன்று. முகலாயப் படையினர் மதிலின் அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்தனர். அம்பும் குண்டும் படாதவாறு மூடிய நீண்ட பாதைகளை அமைத்து மதிலை நெருங்கினர். நான்கு மாதப் போருக்குப் பின், காவலை வழிநடத்திய ஜெய்மால் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். பெண்கள் தீக்குளித்தனர், ஆண்கள் வாயிலைத் திறந்து போரிட்டு மடிந்தனர், உள்ளிருந்த பொதுமக்களும் பெருந்திரளாகக் கொல்லப்பட்டனர். நீரைத் தேக்கிக் காலத்தை வென்ற பழைய போர்முறையைப் புதிய வெடிமருந்து வென்றுவிட்டது.

மேவாரின் ராணா அமர் சிங்குக்கும் ஜஹாங்கீருக்கும் 1615-இல் உடன்படிக்கை ஏற்பட்டபோது சித்தோர் திருப்பித் தரப்பட்டது. ஆனால் அதன் மதில்களைப் பழுதுபார்க்கக் கூடாது என்பது நிபந்தனை. இடிந்த மதில்களினூடே நடக்கையில், அந்த ஒற்றை நிபந்தனை எத்தனை தலைமுறைகளைக் கட்டிப்போட்டது என்பது விளங்கும். வழிகாட்டிகள் இங்கே வீரத்தைப் பாடுவார்கள். வீரத்தோடு, இறந்தவர்களின் எண்ணிக்கையையும் நினைவில் கொள்ளும் பார்வையாளரே சித்தோரை முழுமையாகப் பார்த்தவர் ஆவார்.

மெஹ்ரான்கர்: ஒரு துறவியின் சாபம்

1459-இல் ராவ் ஜோதா ஜோத்பூர் நகரையும் அதன் நடுவே செங்குத்தான பாறையின் மேல் மெஹ்ரான்கர் கோட்டையையும் நிறுவினார். நீலம் பூசிய வீடுகளுக்கு மேலே 400 அடி உயரத்தில் நிற்கும் இக்கோட்டை, பாறையிலிருந்தே முளைத்தது போலத் தோன்றும். அப்பாறையில் முன்பே ஒருவர் குடியிருந்ததாக ஊர்க்கதை சொல்கிறது. பறவைகளுக்கு உணவளித்து வந்ததால் சீடியா நாத்ஜி என்று அழைக்கப்பட்ட துறவி அவர். கோட்டைக்காக இடத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட அவர், ‘உன் கோட்டை நீரின்றி வாடட்டும்’ என்று சபித்தாராம். ஜோதா அவருக்கு வீடும் கோயிலும் கட்டித் தந்து சமாதானம் செய்தார். ஆயினும் சில ஆண்டுகளுக்கொரு முறை வறட்சி வரத்தான் செய்யும் என்று மக்கள் நம்பினர்.

கதையைக் கதையாகவே எடுத்துக்கொண்டாலும் அதனுள் ஓர் உண்மை இருக்கிறது. மார்வார் நாட்டில் வறட்சி என்பது எதிர்பாராமல் வரும் விருந்தாளியன்று. மீண்டும் மீண்டும் வருவது. அதை எதிர்கொள்ள மக்கள் ஆயத்தமாயினர். ஜோதாவின் அரசி ஜஸ்மாதே கோட்டையின் அடிவாரத்தில் ராணிசர் என்னும் நீர்த்தேக்கத்தை அமைத்தார். அதன் அருகிலேயே பதம்சர் ஏரி. நகருக்குள்ளும் படிக்கிணறுகள் பல தோண்டப்பட்டன. 1740-களில் ஓர் அரசி கட்டுவித்த தூர்ஜி கா ஜால்ரா அவற்றுள் ஒன்று. குழாய்நீர் வந்த பின் மறக்கப்பட்டு, கழிவும் தேங்கிய நீரும் நிறைந்து கிடந்த அக்கிணறு அண்மைக் காலத்தில் தூர்வாரித் தூய்மைப்படுத்தப்பட்டது. செந்நிறக் கற்படிகளில் மாலை நேரத்தில் இளைஞர்கள் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பதை இன்று காணலாம். கைவிட்ட நீர்நிலை ஒன்றை மீட்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

ஜெய்சல்மேர்: மிகுந்த நீரால் வரும் ஆபத்து

ஜோத்பூரிலிருந்து மேற்கே சுமார் 280 கி.மீ. சென்றால் தார்ப் பாலைவனத்தின் நடுவே ஜெய்சல்மேர் வரும். ராவல் ஜெய்சல் 1156-இல் திரிகூட மலையின் மேல் நிறுவிய கோட்டை இது. மாலை வெயிலில் அதன் மஞ்சள் மணற்கல் பொன்னாக மாறும். சத்யஜித் ராய் 1974-இல் எடுத்த ‘சோனார் கெல்லா’ திரைப்படம் இப்பொற்கோட்டையை நாடறியச் செய்தது. 99 கொத்தளங்கள் சூழ்ந்த இதன் உள்ளே இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன. சமணக் கோயில்களில் வழிபாடு நடக்கிறது. சந்துகளில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். மாடிகளில் துணி உலர்கிறது. மக்கள் வாழும் கோட்டை என்பதே இதன் தனிச்சிறப்பு.

இங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 20 சென்டிமீட்டர்தான். ஊருக்கு வெளியே 14-ஆம் நூற்றாண்டில் விரிவாக்கப்பட்ட கடீசர் ஏரியே பல நூற்றாண்டுகளாக நகரின் தாகத்தைத் தீர்த்தது. ஏரியில் குடத்தை நிரப்பித் தலையில் சுமந்து, கோட்டை வாயில்களைக் கடந்து ஏறி வந்த பெண்களுக்கு ஒவ்வொரு குவளையின் மதிப்பும் தெரியும். குளித்த நீர் வேறொரு வேலைக்குப் பயன்பட்டது. மிஞ்சிய நீர் சிறிதளவே வடிகாலில் சென்றது. கோட்டையின் வடிகால் அந்த அளவுக்கே அமைக்கப்பட்டிருந்தது.

பின்னர் கால்வாய் நீரும் குழாய் இணைப்பும் வந்தன. மக்களின் துயர் தீர்ந்தது. அது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆனால் சுற்றுலா பெருகி, வீடுகள் விடுதிகளாக மாறியபோது, ஒவ்வோர் அறைக்கும் குளியலறையும் கழிப்பறையும் அமைந்தன. குடத்தில் வந்த நீருக்காக அமைத்த வடிகால்களால் குழாயில் கொட்டும் நீரைத் தாங்க இயலவில்லை. கசிந்த நீர் கீழிறங்கியது. கோட்டை நிற்பது உறுதியான கருங்கல்லின் மேல் அன்று. மணற்கல்லும் களிமண்ணும் கலந்த இளகிய குன்றின் மேல். நீர் ஊறியதும் களிமண் உப்பி இளகியது, சுவர்கள் விரிந்தன, சில கொத்தளங்கள் சரிந்தன. உலக நினைவுச்சின்ன நிதியம் 1990-களிலேயே இக்கோட்டையை ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. பின்னர் மதில்களை வலுப்படுத்தவும் வடிகால்களைச் சீரமைக்கவும் பணிகள் நடைபெற்றன. ஆயினும் கவலை முற்றிலும் நீங்கிவிடவில்லை.

எட்டு நூற்றாண்டுக்கு மேல் நீர்ப் பற்றாக்குறையைத் தாங்கிய கோட்டை, நீர் மிகுந்து தளர்கிறது. இதில் சுற்றுலாப் பயணியின் பங்கும் உண்டு. கோட்டைக்குள் இருக்கும் விடுதியில் ஓர் இரவு தங்குவது கவர்ச்சியானதுதான். எனினும் அடிவாரத்து நகரில் தங்கிக்கொண்டு பகலில் மேலே சென்று வருவதே கோட்டைக்கு நாம் செய்யும் உதவி. உள்ளே வாழும் குடும்பங்களின் வருமானம் குறைய வேண்டியதில்லை. அவர்களின் கடைகளில் உணவருந்தலாம், கைவினைப் பொருள்களை வாங்கலாம், உள்ளூர் வழிகாட்டிகளை அமர்த்திக்கொள்ளலாம்.

பயணத்துக்குத் திட்டமிடுவோர் கவனத்துக்கு

எப்போது செல்லலாம்: அக்டோபர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். டிசம்பர், ஜனவரியில் தில்லி, ஆக்ராவில் காலைப் பனிமூட்டம் ரயில்களைத் தாமதப்படுத்தும். ஏரிகளும் குளங்களும் நிறைந்திருப்பதைக் காண விரும்புவோர் மழை ஓயும் செப்டம்பர் இறுதியைத் தேர்ந்தெடுக்கலாம்.

எத்தனை நாள்: தில்லி, ஆக்ரா, ஃபதேபூர் சிக்ரி, ஜெய்ப்பூர் ஆகியவற்றுக்கு ஐந்து நாள்கள், சித்தோர்கர், ஜோத்பூர், ஜெய்சல்மேரையும் சேர்த்தால் பத்து நாள்கள் தேவை. முதியோரும் குழந்தைகளும் உடன் வந்தால் ஒரு நாளைக்கு ஒரு கோட்டை என்று வகுத்துக்கொள்வது நலம். ஏற்றங்களும் படிகளும் எங்கும் உண்டு.

எப்படிச் செல்வது: சென்னையிலிருந்து தில்லி செல்லும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸ் ஆகியவை ஆக்ரா கண்டோன்மென்ட்டில் நிற்கும். ஜோத்பூர், ஜெய்சல்மேர் வரை ரயில் வசதி உண்டு.

விடுமுறை நாள்: தில்லிச் செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இதற்கேற்ப நாள்களை அமைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம்: தொல்லியல் துறையின் சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களுக்குக் கட்டணம் இல்லை. நுழைவுச்சீட்டை இணையத்திலேயே பெறலாம். அதிகாரபூர்வமான தளத்தில்தான் பணம் செலுத்துகிறோமா என்பதை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஜெய்ப்பூரில் ஆமேர், ஹவா மஹால், ஜந்தர் மந்தர் போன்ற இடங்களுக்குச் சேர்த்து ஒரே கூட்டுச்சீட்டு கிடைக்கும். சிறு கடைகளிலும் யு.பி.ஐ. வசதி உண்டு, ஆயினும் பாலைவன ஊர்களில் கைவசம் சிறிது ரொக்கம் இருப்பது நல்லது.

தண்ணீர்: வெளியூரிலிருந்து வரும் நாம் அந்நிலத்தின் நீரையே பகிர்ந்துகொள்கிறோம். மீண்டும் நிரப்பக்கூடிய குப்பியை எடுத்துச் செல்லுங்கள். வெற்று நெகிழிப் புட்டிகளைக் குளங்களிலும் படிக்கிணறுகளிலும் எறியாதீர்கள். பிறர் எறிவதைக் கண்டால் பணிவுடன் தடுங்கள். குழந்தைகளுக்குப் பீரங்கியைக் காட்டும்போது, அதன் அருகிலுள்ள மழைநீர்த் தொட்டியையும் காட்டி அது நிரம்பும் வழியை விளக்குங்கள். வீடு திரும்பிய பின், நம் மொட்டை மாடியில் பெய்யும் மழை எங்கே போகிறது என்று அவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நல்ல விடை ஒன்றை ஆயத்தமாக வைத்திருப்பது நம் கடமை.